கண்ணின் அழுத்தமும் கருவிழியின் கனமும்

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் கண் வைத்தியரிடம் சென்றால், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடிக்கு அளவு பார்ப்பதோடு நில்லாமல், கண்ணின் உள்ளழுத்தத்தையும் பரிசோதித்து, வலக்கண் 16, இடக்கண் 18 என்பது போல இரண்டு எண்களைச் சீட்டில் குறித்துத் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. பாதரசக் கம்பத்தின் மில்லிமீட்டர் கணக்கில் அமைந்த அந்த எண்கள் 10 முதல் 21 வரை இருந்தால் சகஜம் என்றும், அதற்கு மேற்பட்டால் சந்தேகத்துக்கு இடமுண்டு என்றும் வைத்தியர் சொல்ல, வந்தவரும் திருப்தியடைந்து வீடு திரும்புகிறார். ஆனால் அந்த எண் கண்ணின் உள்ளே புகுந்து அளந்து எடுக்கப்பட்டதன்று. கண்ணின் முன்புறத்தில் ஒளி புகும் வாயிலாக அமைந்த கருவிழிப்படலத்தை, கார்னியா என்று வைத்தியர்கள் வழங்கும் அந்தப் பளிங்கு போன்ற திசுவை, வெளியிலிருந்து அழுத்திப் பார்த்து, அது எவ்வளவு எதிர்த்து நின்றது என்பதைக் கொண்டு அனுமானித்த எண் அது. அந்த எதிர்ப்பில் உள்ளே இருக்கும் நீரின் பங்கு எவ்வளவு, படலத்தின் சொந்தப் பங்கு எவ்வளவு என்று கருவி பிரித்துச் சொல்வதில்லை. கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றும் இதன் முழுத் தாத்பரியமும் வைத்திய உலகத்துக்கு விளங்குவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

கண்ணுக்குள் அழுத்தம் எதற்காக என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒளியைக் குவிக்க வேண்டிய ஓர் அவயவம் தன் உருவம் சிறிதும் குலையாமல் விறைப்பாக நிற்க வேண்டுமாதலால், கண்பாவையைச் சூழ்ந்த நிறத்திரையாகிய ஐரிஸுக்குப் பின்னால் அமைந்த சிலியரி என்னும் உறுப்பு நிமிஷத்துக்கு இரண்டு அல்லது இரண்டரை மைக்ரோலிட்டர் வீதம் தெளிந்த நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்த நீர் கண்பாவையின் வழியே முன்னறைக்கு வந்து, இரத்தக் குழாய்கள் இல்லாத லென்ஸுக்கும் கருவிழிப்படலத்துக்கும் போஷணை அளித்துவிட்டு, படலமும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்திலுள்ள நுண்ணிய வலைத்திசுவில் வடிந்து, ஷ்லெம் கால்வாய் வழியாக இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. சுரப்பும் வடிகாலும் ஒத்துப்போகும் வரையில் அழுத்தம் ஸ்திரமாக இருக்கும். வடிகாலில் தடை நேர்ந்தால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம், விழியின் பின்புறத்தில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் உள்ள சுமார் பத்து லட்சம் நார்களைச் சிறிது சிறிதாக அழித்துவிடும். க்ளாக்கோமா என்ற இந்த வியாதியின் பெருவாரியான வகையில் வலியில்லை, சிவப்பில்லை. பக்கப் பார்வை ஓரங்களிலிருந்து குறுகி வருவதை நோயாளி வெகுகாலம் உணர்வதுகூட இல்லை. போன பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காப்பாற்ற, அழுத்தத்தைக் குறைப்பது ஒன்றே இன்றளவும் நிரூபணமான சிகிச்சை. ஆகவேதான் அந்த எண்ணின் மெய்ம்மை இவ்வளவு முக்கியமாகிறது.

கருவிகள் வருவதற்கு முன்பு வைத்தியர்களுக்கு விரல்களே கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த பௌமன் முதலிய மேதைகள் நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, மேலிமையின்மீது இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்து மாறி மாறி மெல்ல அழுத்தி, விழி கல்லைப் போல் இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று படி பிரித்துச் சொன்னார்கள். சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, காற்று போதுமா என்று பார்க்கிறோமல்லவா, அந்த முறையேதான். அதிலுள்ள குறையும் அதுவேதான். புதிய தடித்த டயரும், தேய்ந்து மெலிந்த பழைய டயரும் ஒரே அளவு காற்றை அடைத்துக்கொண்டிருந்தாலும் விரலுக்கு ஒன்றாகத் தோன்றுவதில்லை. பின்னால் வந்த நுட்பமான யந்திரங்கள் எல்லாம் விரலின் தடுமாற்றத்தை நீக்கினவேயன்றி, இந்த அடிப்படைக் குறையை நீக்கவில்லை.

விரலை விட்டுக் கருவிக்கு மாறுவதற்குத் தடையாக இருந்தது நோவு. கருவிழிப்படலத்தைப் போல் ஸ்பரிசத்துக்கு அஞ்சும் இடம் உடம்பில் வேறொன்றும் இல்லை; தூசி பட்டாலே இமை தானாக மூடிக்கொள்ளும்போது, விழித்த கண்ணின்மீது இரும்பை வைப்பதெங்ஙனம்? 1884இல் வியன்னாவில் கார்ல் கோல்லர் என்னும் இளம் வைத்தியர், கோக்கெயின் கரைசலைச் சொட்டாக விட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டறிந்தார். அதற்கு மறுவருஷமே மாஸ்கோவில் மக்லகோவ் ஒரு கருவியோடு முன்வந்தார். அவர் கருவியை விவரிக்காமல் மேலே செல்ல மனம் வரவில்லை. தட்டையான அடிப்பாகம் கொண்ட ஒரு சிறிய எடைக்கட்டையின் அடியில் சாயத்தைப் பூசி, படுத்திருக்கும் நோயாளியின் கருவிழிமீது செங்குத்தாக ஒரு கணம் நிற்க வைத்து எடுத்துவிடுவார். படலம் தட்டையாகி ஒட்டிய இடத்தில் சாயம் அழிந்துவிடுமாதலால், கட்டையைக் காகிதத்தில் முத்திரையிட்டால் நடுவே ஒரு வெள்ளை வட்டம் விழும். வட்டம் பெரிதானால் கண் தளர்ந்திருக்கிறது, சிறிதானால் இறுகியிருக்கிறது. நோயாளியின் அழுத்தத்தைக் காகிதத்திலேயே பதிந்து கோப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் கூடுதல் லாபம்.

1905இல் நார்வே தேசத்து ஹ்யால்மர் ஷியோட்ஸ் செய்த கருவியே உலகெங்கும் பரவியது. நம் ஊர் வைத்தியசாலைகளிலும் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. அது படலத்தைத் தட்டையாக்குவதில்லை. ஐந்தரை கிராம் எடையுள்ள மெல்லிய ஊசித்தண்டு ஒன்று படலத்தைக் குழியச் செய்ய, குழிவின் ஆழத்தை ஒரு முள் காட்டும். ஆனால் குழியச் செய்வதென்றால் உள்ளிருக்கும் நீரைக் கணிசமாக இடம்பெயர்த்து, அளக்க வந்த அழுத்தத்தையே நாம் ஏற்றிவிடுகிறோம். எவ்வளவு ஏறும் என்பது விழியின் வெண்சுவர் எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களின் விழி நீண்டு, சுவர் மெலிந்து, எளிதில் நெகிழ்வதாகிவிடுகிறது. ஆதலால் தண்டு ஆழமாக இறங்கி, உண்மைக்குக் குறைவான அழுத்தத்தைக் காட்டும். அமெரிக்காவில் ஜோனஸ் ஃபிரீடன்வால்டு இந்த விறைப்புத் தன்மையைக் கணிதத்தில் அடக்க முயன்று, அட்டவணைகள் வகுத்துப் பெரும்பாடு பட்டார். க்ளாக்கோமா வரும் வாய்ப்பு கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பிறரைவிட அதிகம் என்பதை நினைத்தால், எந்தக் கண்ணை முக்கியமாகக் கண்டுபிடிக்க வேண்டுமோ அந்தக் கண்ணையே கருவி நல்ல கண் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது என்பது தெரியும்.

இந்நிலையில்தான் ஸ்விட்ஸர்லாந்தின் பேர்ன் நகரத்துச் சர்வகலாசாலைக் கண் வைத்தியசாலையின் தலைவராக இருந்த ஹான்ஸ் கோல்ட்மான், பிரச்சினையை வேறொரு கோணத்தில் அணுகினார். பூரணமான கோளத்தின் உள்ளழுத்தம், அதன் ஒரு பாகத்தைத் தட்டையாக்கத் தேவையான விசையைத் தட்டையான பரப்பால் வகுத்ததற்குச் சமம் என்பது இம்பெர்ட், ஃபிக் என்னும் இருவர் பெயரால் வழங்கும் விதி. விதி எளியதே, ஆனால் கோளத்தின் உறை மிக மெல்லியதாகவும், முற்றிலும் வளைந்து கொடுப்பதாகவும், உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கருவிழிப்படலமோ மெல்லியதுமன்று, முற்றும் வளைந்து கொடுப்பதுமன்று, எப்போதும் கண்ணீரால் நனைந்திருப்பது. நிபந்தனை எதையும் நிறைவேற்றாத பொருளை வைத்துக்கொண்டு விதியைக் காப்பாற்ற வேண்டிய தர்மசங்கடத்தில் இருந்த கோல்ட்மான் கண்ட உபாயம் உண்மையிலேயே மெச்சத்தக்கது. படலத்தின் விறைப்பு கருவியை வெளியே தள்ளுகிறது. கருவியைச் சுற்றிய கண்ணீர்ப் படலமோ தன் பரப்பு இழுவிசையால் கருவியை உள்ளே இழுக்கிறது. தட்டையாகும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டராக இருக்கும்போது இவ்விரண்டு விசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்துபோகின்றன என்று அவர் கண்டார். சரியாக 3.06 மில்லிமீட்டர் என்று விட்டத்தை நிர்ணயித்துக்கொண்டால், ஒரு கிராம் விசை 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமமாகிவிடுகிறது. கருவியின் திருகில் உள்ள எண்ணைப் பத்தால் பெருக்கினால் போதும், அட்டவணை வேண்டியதில்லை. அவ்வளவு சிறிய வட்டத்தைத் தட்டையாக்குவதில் இடம்பெயரும் நீர் அரை மைக்ரோலிட்டர்தான். ஆகையால் ஷியோட்ஸ் கருவியில் கண்ட விழிச்சுவரின் உபத்திரவமும் இங்கே இல்லை. தம் சகாவான ஷ்மிட்டுடன் சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, இந்தக் கருவியே கண்ணழுத்தத்துக்குப் பிரமாணமான அளவுகோலாயிற்று. இன்றும் அப்படியே இருக்கிறது.

கோல்ட்மான் கருவியால் அளக்கும்போது நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். மரத்துப்போகும் மருந்தும், ஃப்ளூரெஸின் என்ற மஞ்சள் சாயமும் கண்ணில் இடப்படுகின்றன. நோயாளி ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியில் மோவாயை வைத்து, நெற்றியைப் பட்டையில் சாய்த்து, நேரே பார்க்கிறார். நீல ஒளியில் சாயம் பச்சையாகச் சுடர்விடுகிறது. சிறிய பட்டகம் ஒன்று படலத்தின் மத்தியைத் தொட்ட கணத்தில், சுற்றிலும் தேங்கிய கண்ணீர் வைத்தியருக்கு ஒரு பச்சை வளையமாகத் தெரிய வேண்டும். ஆனால் பட்டகம் அதை இரண்டாகப் பிளந்து, மேலே ஓர் அரைவட்டமும் கீழே ஓர் அரைவட்டமுமாக விலக்கிக் காட்டுகிறது. திருகைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து, ஒன்றின் உள்விளிம்பு மற்றதன் உள்விளிம்பை எட்டும்போது விட்டம் 3.06 ஆகிவிட்டதென்று பொருள். அந்த நிலையிலும் அரைவட்டங்கள் அசைவற்று நிற்பதில்லை. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் விழிக்குள் இரத்தம் பாய்ந்து அழுத்தம் சிறிதே ஏறி இறங்குவதால், அவை விம்மி விம்மித் தணிகின்றன. அந்த விம்மலின் நடுநிலையைப் பார்த்து எண்ணைக் குறிப்பது பயிற்சியால் மட்டுமே வரும் கைத்திறன். சாயம் மிகுந்து வளையம் தடித்தால் எண் கூடிவிடும். சாயம் குறைந்து மெலிந்தால் எண் குறைந்துவிடும்.

இனி அந்தப் படலத்துக்கு வருவோம். குறுக்களவு சுமார் பதினொன்றரை மில்லிமீட்டர்; ஓரத்தில் கனம் அதிகம், நடுவில் குறைவு; நடுக்கனம் அரை மில்லிமீட்டரைச் சற்றே கடந்தது. அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா என்னும் நடு அடுக்கு; இருநூறுக்கும் மேற்பட்ட கொலாஜன் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் நார்கள் வெவ்வேறு திசையில் ஓடும்படி அடுக்கப்பட்ட அற்புதமான நிர்மாணம். உட்புறத்தில் ஒற்றை வரிசை செல்கள் இடையறாது நீரை வெளியே இறைத்துக்கொண்டிருப்பதால்தான் இந்த அடுக்கு வீங்காமல் தெளிவாக இருக்கிறது. கோல்ட்மான் தம் கணக்குக்கு இந்தக் கனத்தை அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டார். கனம் மாறினால் அளவும் மாறக்கூடும் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆயினும் நோயற்ற கண்களில் பெரிய வித்தியாசம் அபூர்வமாகவே இருக்கும் என்று கருதினார். கனத்தை எளிதில் அளக்கும் வசதியில்லாத அந்தக் காலத்தில் அப்படிக் கருதியதில் குற்றம் காண்பதற்கில்லை.

ஒலி அலைகளைக் கொண்டு கனத்தை நொடியில் அளக்கும் பேக்கிமீட்டர் கருவிகள் வந்த பிறகோ, நல்ல கண்களிலேயே ஒருவருக்கு 470 மைக்ரானும் மற்றொருவருக்கு 620 மைக்ரானும் இருப்பது சர்வசாதாரணம் என்று தெரிந்தது. (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஏலர்ஸ் 1975இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதில் முதல் திருப்பம். சத்திரசிகிச்சைக்காக வந்த 29 கண்களுக்குள் நுண்ணிய குழாயைச் செலுத்தி உண்மையான அழுத்தத்தை நேரடியாக நிர்ணயித்து, அதனோடு கோல்ட்மான் கருவி காட்டிய எண்ணை அவரும் அவர் சகாக்களும் ஒப்பிட்டார்கள். 520 மைக்ரான் கனமுள்ள படலத்தில் இரண்டும் பொருந்தின; அதைவிடக் கனத்த படலத்தில் கருவி மிகையாகவும், மெலிந்த படலத்தில் குறைவாகவும் சொல்லியது. பத்து மைக்ரானுக்கு 0.7 மில்லிமீட்டர் வீதம் பிழை நேர்வதாக அவர்கள் கணக்கிட்டார்கள். பின்னால் அதே முறையில் ஆராய்ந்தவர்களில் சிலர் இருபத்தைந்து மைக்ரானுக்கு ஒன்று என்றார்கள்; திட்டமான தொடர்பே புலப்படவில்லை என்றவர்களும் உண்டு. திசை ஒன்றாகவும் அளவு வேறாகவும் இருந்த இந்த அபிப்பிராய பேதத்தை மறந்துவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இது மீண்டும் வரும்.

ஏலர்ஸின் முடிவை உலகம் உடனே காதில் போட்டுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் அழுத்தம் மட்டும் உயர்ந்து, நரம்பு இன்னும் பழுதாகாமலிருந்த 1,636 பேரைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சொட்டு மருந்து கொடுத்தும் மறுபாதிக்குக் கொடுக்காமலும் ஆண்டுக்கணக்கில் கவனித்த பெரிய ஆராய்ச்சி ஒன்று, தொடங்கிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே படலத்தின் கனத்தையும் அளந்து வைக்கத் தீர்மானித்தது. தொடக்கத்தில் அது யாருக்கும் அவசியமாகத் தோன்றவில்லை. 2002இல் முடிவுகள் வெளிவந்தபோது, மருந்தின் பலன் ஒருபுறமிருக்க, எல்லோரையும் வியக்க வைத்தது இந்தப் பிற்சேர்க்கைதான். 555 மைக்ரானும் அதற்குக் குறைவுமாக இருந்தவர்களுக்கு, 588 மைக்ரானுக்கு மேற்பட்டவர்களைக் காட்டிலும் க்ளாக்கோமா வரும் அபாயம் மும்மடங்காக இருந்தது. அழுத்தம் உயர்ந்தவர்கள் என்று சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு 600 மைக்ரானுக்கு மேற்பட்ட கனம்; அவர்களில் பலருக்கு உண்மையில் அழுத்தமே உயர்ந்திருக்கவில்லை, படலம் கனத்திருந்தது என்று ஊகிக்க வேண்டியதாயிற்று. வியாதி இல்லாமலே ஆயுள் பூராவும் மருந்து விட்டுக்கொண்டவர்கள் உலகில் எத்தனை பேரோ! மறுபக்கத்தில், மெலிந்த படலத்தால் 17, 18 என்று நல்ல எண் வாங்கிக்கொண்டு, உள்ளே நரம்பு கரைந்துகொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ! இரண்டாவது கூட்டத்தின் நஷ்டம் ஈடுசெய்ய முடியாதது.

21 என்ற எல்லைக்கோட்டின் வரலாற்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1950களில் ஜெர்மனியில் லைடெக்கரும் அவர் குழுவினரும் பத்தாயிரம் ஆரோக்கியமானவர்களை ஷியோட்ஸ் கருவியால் அளந்ததில், சராசரி பதினைந்தரை என்றும் பெரும்பாலோர் 21க்கு உட்பட்டவர்கள் என்றும் கண்டார்கள். அது புள்ளிவிவரம் போட்ட வேலி; இயற்கை போட்ட வேலியன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் வீதி வீதியாக ஜனங்களைப் பரிசோதித்த ஆராய்ச்சியில், க்ளாக்கோமா உள்ளவர்களாகக் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் முதல் அளவு இந்த வேலிக்கு உட்பட்டே இருந்தது என்று 1991இல் தெரிவித்தார்கள்.

இவ்விஷயம் நமக்கு வெறும் செய்தியாக நின்றுவிடக் கூடாது. சென்னையிலும் அதனைச் சுற்றிய கிராமங்களிலும் சங்கர நேத்ராலயா நடத்திய பெரிய க்ளாக்கோமா ஆராய்ச்சியில், நம் ஜனங்களின் கருவிழிப்படலம் சராசரி சுமார் 510 மைக்ரான் என்று கண்டிருக்கிறார்கள். கிராமவாசிகளுக்கு நகரவாசிகளைவிடச் சற்று மெலிவு. ஐரோப்பிய இனத்தவருக்குச் சொல்லப்படும் சராசரியைவிட இது முப்பது மைக்ரான் போலக் குறைவானது. ஆகவே அங்கே வகுக்கப்பட்ட 21 என்ற எண்ணை நம்மவர் கண்ணுக்கு அப்படியே பிரயோகிப்பதில் ஜாக்கிரதை வேண்டும். மதுரை வட்டாரத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்திய ஆராய்ச்சியில், க்ளாக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் தமக்கு அந்த வியாதி இருப்பதையே அறியாதிருந்தார்கள். இதற்குப் பரிசோதனைக்கே போகாமை முதற்காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் போனவர்களிடமும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போய்வாருங்கள் என்று சொல்வதால் அந்தக் கணக்கு குறையப்போவதில்லை.

கண்ணாடியை விலக்குவதற்காக லேசர் சிகிச்சை செய்துகொள்ளும் இளைஞர்கள் இந்தக் கட்டுரையில் ஏதேனும் ஒரு பத்தியைத்தான் படிப்பதென்றால், இந்தப் பத்தியைப் படிப்பது உசிதம். லாஸிக் முறையில் படலத்தின் மேல் அடுக்கை ஒரு மெல்லிய மூடிபோலத் திறந்து, அடியிலுள்ள ஸ்ட்ரோமாவை லேசரால் செதுக்கி, மூடியை மறுபடி படியவைக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டர் வட்டத்துக்குச் செதுக்கும்போது ஒவ்வொரு டயாப்டருக்கும் ஏறக்குறைய பன்னிரண்டு மைக்ரான் போகும். ஆறு டயாப்டர் கிட்டப்பார்வைக்கு எழுபது மைக்ரானுக்கு மேல் கரைந்துவிடும். கண்ணின் அழுத்தம் சிகிச்சைக்கு முன்பு இருந்தபடியே இருக்க, கருவி மட்டும் சில மில்லிமீட்டர் குறைத்துச் சொல்லத் தொடங்கும். வெளியே பார்த்தால் படலத்தில் தழும்புகூடத் தெரியாது. இருபது வருஷம் கழித்து வேறோர் ஊரில் வேறொரு வைத்தியர் அளக்கும்போது, நோயாளி பழைய சிகிச்சையைச் சொல்லாவிட்டால், வைத்தியர் தவறாக நிம்மதியடைவதைத் தவிர வேறு வழியில்லை. கிட்டப்பார்வைக்காரர்களுக்கே க்ளாக்கோமா அபாயம் மிகுதி என்று மேலே சொன்னதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இன்னும் விசித்திரமான ஒரு நிலையும் உண்டு. சிகிச்சைக்குப் பிறகு விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் சிலருக்கு அழுத்தம் உண்மையிலேயே ஏறும். ஏறிய அழுத்தம் நீரைப் படலத்துக்குள் கசியச் செய்ய, அது மூடிக்கும் அடித்திசுவுக்கும் இடையே ஏரியாகத் தேங்கிவிடும். அப்போது கருவி அழுத்துவது அந்தத் தேங்கிய நீரையேயன்றிக் கண்ணையன்று. உள்ளே 40 இருக்க வெளியே 10 என்று காட்டக்கூடும். பார்வை மங்குவதைக் கண்டு அழற்சியென்று கருதி இன்னும் அதிகமாக ஸ்டீராய்டு விட்டால் விபரீதம் முற்றும். படலத்தின் ஓரத்தில் அளந்து பார்த்தால் குட்டு வெளிப்படும் என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள்.

கனம் ஒன்றே காரணமென்று நினைத்துவிடக் கூடாது. வீங்கிய படலம் கனமாக இருந்தும் ஊறிய திசுவாதலால் மிருதுவாகி எண்ணைக் குறைத்துக் காட்டும். கூம்பாகிய படலமும் அப்படியே. தழும்பேறிய படலம் எண்ணைக் கூட்டிக் காட்டும். படலத்தின் வளைவு இரு திசைகளில் வேறுபட்டு மூன்று டயாப்டருக்கு மேல் அஸ்டிக்மாட்டிஸம் இருந்தால், தட்டையாகும் இடம் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகிவிடும். அதற்காகவே கோல்ட்மான் கருவியின் பட்டகத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, அதற்கேற்பத் திருப்பி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தைராய்டு வியாதியில் விழியை அசைக்கும் தசைகள் இறுகிப்போனவருக்கு, மேலே பார்த்த மாத்திரத்தில் அழுத்தம் ஏறிவிடும். இடுங்கிய இமையும் உள்வாங்கிய கண்ணும் உள்ளவருக்கு வைத்தியர் இமையை விரலால் பிரிக்கும்போது விழியின்மேல் விரல் அழுந்திவிட்டால், அல்லது நோயாளியே பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இமையை இறுக்கினால், எண் ஏறிவிடும். கழுத்தை இறுக்கும் காலரும் டையும்கூட இந்த உபகாரத்தைச் செய்யும்.

கருவிகளும் பெருகிவிட்டன. கண்ணைத் தொடாமல் காற்றைப் பீச்சி அளப்பது 1972இல் க்ரோல்மான் தந்தது. கூட்டமாக வருபவர்களைச் சல்லடை போட உதவுமாயினும், படலத்தின் கனம் கோல்ட்மான் கருவியைவிட அதையே அதிகமாக ஏமாற்றும். ஊசிமுனைக் குண்டு ஒன்று கண்ணைத் தொட்டுத் திரும்பும் வேகத்தைக் கொண்டு அளக்கும் பின்லாந்துக் கருவிக்கு மரக்கும் மருந்தே வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு அது ஒரு வரப்பிரசாதம். படலத்தின் வடிவத்தை மாற்றாமல் அதனோடு ஒட்டி நிற்கும் குழிவான முனை கொண்ட கருவியும், காற்று பட்டு உள்வாங்கிய படலம் மீளும்போது எவ்வளவு தாமதிக்கிறது என்பதைக் கொண்டு அதன் நெகிழ்ச்சியையே அளக்கும் கருவியும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. எதுவும் கோல்ட்மானின் ஸ்தானத்தை இன்னும் பறித்துக்கொள்ளவில்லை.

கனத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து, எண்ணைத் திருத்திக்கொண்டால் தீர்ந்ததே என்று வாசகர் கேட்கலாம். பல வைத்தியசாலைகளில் அப்படித் திருத்திய எண்ணை எழுதித் தருகிறார்கள். ஆனால் மேலே குறிப்பிட்ட அபிப்பிராய பேதத்தை நினைவுகூர வேண்டும்: பத்து மைக்ரானுக்கு இவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களே ஒன்றுபடவில்லை. ஒரே கனமுள்ள இரண்டு படலங்கள் விறைப்பில் வேறுபடலாம். விறைப்பின் பாதிப்பு கனத்தின் பாதிப்பைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். ஜனத்தொகையின் சராசரிக்கு உண்மையான ஒரு சூத்திரம் தனிமனிதனின் கண்ணுக்குத் திசையை மாற்றியே காட்டிவிடக்கூடும். ஆகையால் திருத்தச் சூத்திரங்களைத் தனித்தனி நோயாளிக்குப் பிரயோகிக்க வேண்டாம் என்பதே க்ளாக்கோமா நிபுணர்களில் பெரும்பாலோரின் முடிவு. என் அபிப்பிராயமும் அதுவே. மெலிவு, சராசரி, கனம் என்று மூன்று வகுப்பாகப் பிரித்து, மெலிந்தவர் விஷயத்தில் எண்ணைச் சந்தேகத்துடனும் கனத்தவர் விஷயத்தில் நிதானத்துடனும் பார்ப்பது போதுமானது. தசம ஸ்தானம் வரையில் திருத்தி எழுதிய எண் வைத்தியருக்கும் நோயாளிக்கும் இல்லாத உறுதியைத் தருகிறது.

ஆகவே நாற்பது வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் யாருக்கேனும் க்ளாக்கோமா இருந்தவர்களும், கிட்டப்பார்வைக்காரர்களும் கண் பரிசோதனைக்குச் செல்லும்போது, அழுத்தம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், கருவிழியின் கனத்தையும் ஒரு முறை அளந்து குறித்துத் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வயது வந்தவருக்கு அது எளிதில் மாறுவதில்லையாதலால் ஒரு முறை அளந்தால் பெரும்பாலும் போதும். பார்வை நரம்பின் முகப்பைப் பார்த்தார்களா என்றும் விசாரியுங்கள். நரம்பு க்ளாக்கோமாவுக்கே உரிய விதத்தில் பழுதாகியிருந்தால் எண் எதுவாயினும் அது க்ளாக்கோமாதான். லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள், அதற்கு முன் அளந்த கனத்தையும் அழுத்தத்தையும் கண்ட பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, எந்தக் கண் வைத்தியரிடம் சென்றாலும் கேட்கும் முன்பே எடுத்துக் காட்டுங்கள்.